அரை மைல் பாலைவனம்

இரண்டு இதழ்களுக்கு முன், சக்கர நாற்காலியில் இருக்கும் என் அம்மாவை அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள சவாரோ தேசியப் பூங்காவுக்கு அழைத்துப் போனதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். சவாரோ என்பது திரைப்படங்களில் கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி வருமே, அந்த ராட்சதக் கள்ளி. எழுத்தைக் கூட்டினால் ‘சாகுவாரோ’ என்று வரும், அந்த ஊர்க்காரர்கள் சொல்வது சவாரோ. அங்கே அரை மைல் நீளத்துக்குத் தளம் போட்ட ஒரு பாதை இருக்கிறது, சக்கர நாற்காலி தடையில்லாமல் ஒரு வட்டம் சுற்றி வரலாம். ஒரு பக்கக் கட்டுரைக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அதனால் இந்த முறை பகுதி முழுக்க அதே விஷயம்தான்.

“என் மகன் அரிசோனாவில் சாண்ட்லர் என்ற ஊரில் வேலை பார்க்கிறான். அடுத்த குளிர்காலத்தில் போகிறோம். எனக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன, நூறு அடிக்கு மேல் நடக்க முடியாது. எங்கே போனாலும் ‘நீங்கள் பார்த்துவிட்டு வாருங்கள், நான் காரில் இருக்கிறேன்’ என்று சொல்லிப் பழகிவிட்டேன். எனக்காக அவர்கள் ஒரு நாளை வீணாக்க வேண்டுமா?” (கோவையிலிருந்து ஒரு வாசகி)

அம்மா, காரில் உட்காராதீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

என் அம்மாவும் வண்டி நிறுத்துமிடத்தில் அதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். இடுப்பு அறுவைக்குப் பிறகு நாலு எட்டு வைப்பார்கள், அதற்கு மேல் நாற்காலிதான். என் தங்கையும் சாண்ட்லரில்தான் இருக்கிறாள், அங்கிருந்து பத்தாம் எண் நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடவே ஆகும் டூசானுக்கு. டூசான் நகரம் நடுவில் இருக்க, பூங்கா அதற்குக் கிழக்கே ஒன்று மேற்கே ஒன்று என்று இரண்டு துண்டாக இருக்கிறது. வடக்கிலிருந்து வருகிற உங்களுக்கு மேற்குப் பகுதிதான் தோது. ரெட் ஹில்ஸ் வரவேற்பு மையத்தில் கழிப்பறைக்குப் போய்விட்டு, தண்ணீர் பிடித்துக்கொண்டு, அதே சாலையில் இன்னும் ஒரு மைல் போனால் டெசர்ட் டிஸ்கவரி என்ற இந்தப் பாதை வரும்.

தங்கை பிள்ளைகள் இரண்டும் ஓடிப்போய்ப் பத்து நிமிடத்தில் சுற்றிவிட்டு வந்து ‘முடிஞ்சு போச்சு’ என்றார்கள். எங்களுக்கு அதே வட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அம்மா ஒவ்வொரு செடிக்கும் நிறுத்தச் சொன்னார்கள். கரிசல் காட்டில் பிறந்து வளர்ந்தவர், செடியைப் பார்த்தால் பேர் கேட்காமல் நகர மாட்டார். அடிமரம் முதல் நுனிக் குச்சி வரை பச்சையாக ஒரு மரம் நின்றது, அதற்குப் பேர் பாலோ வெர்டே, ஸ்பானிய மொழியில் பச்சைக் கழி என்று அர்த்தம். இலைகளை வைத்துக்கொண்டால் தண்ணீர் ஆவியாகிப் போகும் என்பதால், வறண்ட காலத்தில் இலைகளை உதிர்த்துவிட்டு அந்த மரம் பட்டையாலேயே வெயிலைப் பிடித்து உணவு செய்துகொள்கிறது. அந்த மரத்தின் காலடியில், புல்லுக்கு நடுவில், கட்டைவிரல் பருமனுக்கு ஒரு குட்டிக் கள்ளி இருந்ததை அம்மாதான் முதலில் பார்த்தார்கள். நின்றபடி நடந்து போன நாங்கள் யாரும் பார்க்கவில்லை. நாற்காலியில் இருப்பவரின் கண்மட்டம் அந்த இடத்துக்கு நேராக இருந்தது.

அது குட்டி சவாரோ. பிறந்து எட்டு வருஷம் ஆனாலும் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம்தான் வளர்ந்திருக்கும் என்று பூங்காக்காரர்கள் சொல்கிறார்கள். வெயிலும் பனியும் படாமல் பாலோ வெர்டே மாதிரி ஒரு மரத்தின் நிழலில்தான் அது பிழைக்கும், அதனால் அந்த மரத்துக்குச் செவிலி மரம் என்று பேர் வைத்திருக்கிறார்கள். பூக்கவே சுமார் முப்பத்தைந்து வயது ஆக வேண்டும். நாம் படத்தில் பார்க்கிற அந்தக் கைகள் முளைக்க ஐம்பதிலிருந்து எழுபத்தைந்து, மழை குறைந்த இடத்தில் நூறு வருஷம்கூட ஆகும். நன்றாக வாழ்ந்தால் 150, 200 வயது. கையோடு நின்ற ஒரு பெரிய சவாரோவைக் காட்டி, ‘இது எங்க பாட்டி பொறக்கும்போதே முளைச்சிருக்கும்’ என்று அம்மா கணக்குப் போட்டுச் சொன்ன பிறகு, ‘முடிஞ்சு போச்சு’ என்ற பிள்ளைகள் இரண்டும் நாற்காலிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து இன்னொரு குட்டி தேட ஆரம்பித்துவிட்டார்கள். அன்றைக்கு எங்களை வழிநடத்தியது அம்மாதான். நாளை வீணாக்குகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்வதற்காகவே இவ்வளவும் எழுதினேன்.

வழியில் உட்கார பெஞ்சும், கூரை போட்ட நிழல் மேடையும் உண்டு. உங்களால் நூறு அடி நடக்க முடியும் என்கிறீர்கள், அப்படியானால் நாற்காலியையும் எடுத்துக்கொள்ளுங்கள், பிடித்த இடத்தில் எழுந்து நாலடி நடங்கள், திரும்ப உட்காருங்கள். நாற்காலி வைத்துக்கொள்வது தோல்வி இல்லை.

“‘சக்கர நாற்காலி போகும்’ என்று போட்டிருந்தால் நம்பிவிடலாமா? இங்கே சாய்தளம் என்ற பேரில் மலை மாதிரி ஒன்றைக் கட்டி வைக்கிறார்கள். ஏற்றினால் இறக்க முடிவதில்லை.” (மதுரையிலிருந்து ஒரு வாசகர்)

நம்ப வேண்டாம். எண் கேளுங்கள்.

அதே பயணத்தில் நாங்கள் தங்கிய ஒரு விடுதியில், ‘மாற்றுத்திறனாளிகளுக்கான அறை’ என்று முன்பதிவில் போட்டிருந்தது, போய்ப் பார்த்தால் குளியலறை வாசலில் ஆறு அங்குல உயரத்துக்கு ஒரு கட்டு. இரவு பத்து மணிக்கு அம்மாவை நாங்கள் இரண்டு பேர் தூக்கித்தான் உள்ளே விட்டோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மறுநாள் காலை தண்ணீரே குடிக்கவில்லை. கழிப்பறைக்குப் போக வேண்டிவரும் என்று பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பெண்கள் நம் வீடுகளில் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். பாலைவனத்துக்குப் போகிற அன்று அது ஆபத்து.

பாதைகளுக்கு வருகிறேன். அமெரிக்க மத்திய அரசின் நிலங்களில் புதிதாகப் போடுகிற, திருத்திப் போடுகிற நடைபாதைகளில் எதை எல்லோருக்குமான பாதை என்று சொல்லலாம் என்பதற்கு 2013-ல் ஆக்சஸ் போர்டு என்ற அமைப்பு விதி வகுத்தது. அகலம் குறைந்தது 3 அடி. சரிவு இருபது அடிக்கு ஓர் அடி ஏற்றம் என்ற அளவுக்குள் இருந்தால் எவ்வளவு நீளமும் போகலாம், அதைவிடச் செங்குத்தானால் நீளத்துக்குக் கட்டுப்பாடு வரும், பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி என்றால் 200 அடிக்கு மேல் தொடரக்கூடாது, அதற்குள் சமதளமாக ஓர் இளைப்பாறும் இடம் வேண்டும். பக்கவாட்டுச் சாய்வுக்கும் அளவு உண்டு. அது ரொம்ப முக்கியம், நாற்காலியைத் தள்ளிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாதை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் வண்டி அந்தப் பக்கமே இழுக்கும், ஒரு கை வலி எடுத்துவிடும். எனக்கு இதில் எல்லாவற்றையும்விடப் பிடித்தது, பாதை தொடங்குகிற இடத்தில் பலகை வைத்து நீளம், தளம் என்ன பொருள், அகலம், சரிவு எல்லாவற்றையும் எழுதிவைக்கச் சொல்கிறார்கள். ‘போகலாம்’ என்று அவர்கள் முடிவு செய்யாமல், விவரத்தைக் கொடுத்து நம்மை முடிவு செய்யச் சொல்கிற முறை அது. அதற்கு முந்தைய பழைய பாதைகளில் இதெல்லாம் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது, ஆகவே போகிறதற்கு முன் பூங்காவுக்குத் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். ‘போகுமா’ என்று கேட்டால் ‘போகும்’ என்பார்கள். ‘எத்தனை அடிக்கு எத்தனை ஏற்றம், எங்கே பெஞ்ச், படி எங்காவது உண்டா, கழிப்பறைக் கதவு எவ்வளவு அகலம்’ என்று கேளுங்கள்.

“பாலைவனம் என்றால் மணல்தானே? சக்கரம் புதையாதா?” (ஈரோடு)

இது மணல்மேட்டுப் பாலைவனம் இல்லை. சோனோரன் பாலைவனம் என்று பேர், அரிசோனாவின் தெற்கிலும் கலிபோர்னியாவின் ஒரு மூலையிலும் மெக்ஸிகோவிலும் பரவியிருக்கிறது. கல்லும் சரளையும் கலந்த கெட்டி நிலம், அதில் அடர்த்தியாகச் செடிகள், தூரத்தில் காய்ந்த மலைகள். வருஷத்தில் இரண்டு மழைக்காலம், குளிர்காலத்தில் சாரல், கோடையில் இடியோடு பெருமழை. அந்தக் கோடை மழைக்கு அந்த ஊர்க்காரர்கள் சொல்கிற பேரும் ‘மான்சூன்’தான். டூசானில் ஒரு வருஷத்துக்குச் சுமார் 28 சென்டிமீட்டர் பெய்யும், நம் சென்னையில் அதைப் போல் ஐந்து மடங்கு. அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு இத்தனை உயிர் எப்படி நடக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. சவாரோவின் உடம்பு முழுக்க மேலிருந்து கீழாக மடிப்பு மடிப்பாக இருக்கும், மழை பெய்தால் ஆர்மோனியத் துருத்தி மாதிரி விரிந்து தண்ணீரை வாங்கி வைத்துக்கொள்ளும், வறண்டால் சுருங்கும். வேர்களில் பெரும்பாலானவை ஒரு சாண் ஆழம்கூடப் போகாது, ஆனால் மரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் பக்கவாட்டில் ஓடும். பாதையை விட்டு இறங்காதீர்கள் என்று எழுதி வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது.

“தண்டுவடக் காயம் பட்டுப் பத்து வருஷமாக நாற்காலியில் இருக்கிறேன். பிள்ளைகளுக்கு மே, ஜூனில்தான் விடுமுறை. அப்போது போகலாமா?” (சென்னை)

அந்த மாதங்களில் வேண்டாம். நீங்கள் கொஞ்சம் மனம் வருந்தினாலும் பரவாயில்லை என்று நேராகவே சொல்கிறேன்.

ஜூனில் டூசானில் 40 டிகிரியைத் தொடுவது சாதாரணம், தளத்தின் சூடு அதற்கு மேல். மார்புக்கு மேலே தண்டுவடம் அடிபட்டவர்களுக்குக் காயத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது, உடம்பு தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ள முடியாது. உங்களுக்குக் காயம் எந்த அளவில் என்று நீங்கள் எழுதவில்லை, உங்கள் மருத்துவரிடம் இதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். உணர்வில்லாத தொடையில் சூடான உலோகம் பட்டுப் புண்ணானது தெரியாமலே போன கதைகள் உங்களுக்கு நான் சொல்லி ஆக வேண்டியதில்லை. வெயிலில் நிறுத்திய நாற்காலியில் கைவளையம், பெல்ட் கொக்கி, காலடித் தட்டு எல்லாம் கொதிக்கும். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களும் இதே மாதிரி கவனமாக இருக்க வேண்டும்.

நவம்பர் முதல் மார்ச் வரை அருமையான காலம். ஜனவரியில் நாங்கள் போனபோது காலையில் ஸ்வெட்டர் வேண்டியிருந்தது, பதினோரு மணிக்குக் கழற்றினோம். பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை கிறிஸ்துமஸை ஒட்டித்தானே, அப்போது போங்கள். வேறு வழியே இல்லை, ஜூனில்தான் என்றால், சூரியன் எழும்போது பாதையில் இருங்கள், எட்டு மணிக்கெல்லாம் குளிர்சாதன வண்டிக்குள் வந்துவிடுங்கள், ஈரத் துண்டும் தெளிப்பானும் மடியில் இருக்கட்டும். குளிர்காலமானாலும் தண்ணீர் கையில் இருக்க வேண்டும். அந்தக் காற்றில் ஈரமே இல்லை, வியர்வை தெரிவதற்குள் காய்ந்துவிடும், தாகமே எடுக்கவில்லையே என்று இருந்துவிடக்கூடாது.

“ராமநாதபுரத்துக்காரன் நான். நாங்கள் வேரோடு பிடுங்கப் போராடுகிற சீமைக்கருவேலத்தை அங்கே பாதுகாக்கிறார்களாமே, உண்மையா?”

அதே மரம் இல்லை, அதன் நெருங்கிய உறவு. அங்கே அதற்கு மெஸ்கீட் என்று பேர், பூவும் நெற்றும் முள்ளும் பார்த்தால் நம் வேலிகாத்தான் தங்கை என்று சொல்லிவிடலாம். அம்மா பார்த்தவுடனே ‘இது இங்கயும் வந்துருச்சா’ என்று கேட்டார்கள். வரவில்லை, அதுதான் அதன் சொந்த ஊர். சவாரோக் குட்டிகளுக்கு அதுவும் செவிலி மரம். அந்த மண்ணின் ஆதிக்குடிகளான டோஹோனோ ஓ’ஓடாம் மக்கள் நெற்றைக் காயவைத்து இடித்து மாவாக்கி எத்தனையோ தலைமுறையாகச் சாப்பிட்டு வருகிறார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் விறகுக்கும் வேலிக்கும் என்று அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவந்த சீமைக்கருவேலம் நம் கண்மாய்களை என்ன செய்தது என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்.

ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு, அதைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. சவாரோக் காட்டுக்கு இன்று பெரிய எதிரி ஒரு புல், பஃபல் புல் என்கிறார்கள். ஆப்பிரிக்காவிலும் நம் பக்கத்து வறண்ட நிலங்களிலும் இயல்பாக வளர்வது, நம்மூரில் ஆடு மாடு விரும்பி மேய்கிற கொழுக்கட்டைப் புல்லேதான். 1930களில் மேய்ச்சலுக்கும் மண் அரிப்பைத் தடுக்கவும் அங்கே கொண்டுபோய் விதைத்தார்கள். சவாரோக் காட்டில் செடிக்கும் செடிக்கும் நடுவே வெறும் தரை கிடக்கும், அதனால் அங்கே தீ பரவாது, அந்தச் செடிகள் தீயைச் சந்தித்துப் பழகியவை அல்ல. இந்தப் புல் அந்த இடைவெளியை நிரப்பி, காய்ந்து, ஒரு மின்னலுக்கோ சிகரெட்டுக்கோ காத்திருக்கிறது. நூறு வயதுக் கள்ளி ஒரு மதியத்தில் வெந்துபோகும். தன்னார்வலர்கள் கூட்டமாகச் சேர்ந்து கடப்பாரையால் தோண்டிப் பிடுங்குகிறார்கள், உங்கள் ஊரில் நீங்கள் செய்கிற அதே வேலை.

“எனக்குப் பார்வை இல்லை. கள்ளியைத் தொட்டும் பார்க்க முடியாது. எனக்கு அங்கே என்ன இருக்கிறது?” (திருச்சியிலிருந்து ஓர் ஆசிரியர்)

ஐயா, நிறைய இருக்கிறது, ஆனால் காலை நேரமாகப் பார்த்துப் போக வேண்டும்.

சத்தம் முதலில். காக்டஸ் ரென் என்று ஒரு குருவி, அரிசோனாவின் மாநிலப் பறவை, ஸ்டார்ட் ஆகாத பழைய காரைத் திரும்பத் திரும்ப சாவி போட்டுப் பார்ப்பது மாதிரி கத்தும். கீலா மரங்கொத்தி சவாரோவின் சதையைக் குடைந்து வீடு செய்கிற பறவை. அது விட்டுப்போன பொந்தில் எல்ஃப் ஆந்தை வந்து குடியேறும், உலகத்திலேயே மிகச் சிறிய ஆந்தைகளில் ஒன்று, நம் சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். காடைகள் கூட்டமாகத் தரையில் ஓடும்போது தங்களுக்குள் முணுமுணுத்துக்கொண்டே போகும். காற்று அடித்தால் கள்ளி முட்களுக்கு நடுவில் ஒரு சீறல் கேட்கும், மரத்து இலைச் சத்தம் மாதிரி இருக்காது. தளம் போட்ட பாதை என்பதால் ஊன்றுகோலுக்கு விளிம்பு தெளிவாகத் தெரியும், உடன் வருபவர் கையைப் பிடித்துக்கொண்டே போக வேண்டிய அவசியம் குறைவு.

அப்புறம் வாசனை. கிரியோசோட் என்ற புதரின் இலையில் பிசின் படிந்திருக்கும், மழை பெய்தால் அந்த வாசனைதான் பாலைவனம் முழுக்க. நமக்கு மண்வாசனை மாதிரி அவர்களுக்கு அது. மழை இல்லாத நாளில், கையைக் குவித்து ஒரு கொத்து இலையின் மேல் வாயால் ஊதிவிட்டு முகர்ந்து பாருங்கள், உங்கள் மூச்சின் ஈரத்துக்கே வாசனை எழும். அதற்கு முள் கிடையாது, ஆனால் பக்கத்தில் வேறு எது இருக்கிறது என்று கூட வருபவர் பார்த்துச் சொல்லட்டும். தொட்டுப் பார்க்க வேண்டும் என்றால் செத்துப்போன சவாரோவின் எலும்புக்கூடு, ஆமாம், சதை அழிந்த பிறகு உள்ளே மூங்கில் கழிகளை வட்டமாக நட்டு வைத்தது மாதிரி மரவிலாக்கள் நிற்கும். வரவேற்பு மையத்தில் தொட்டுப் பார்க்க ஏதாவது வைத்திருக்கிறார்களா என்று ரேஞ்சரிடம் கேளுங்கள், கேட்டால் சந்தோஷமாக எடுத்துக் காட்டுவார்கள்.

“முள் குத்தினால்? டயர் பஞ்சரானால்?” (நாகர்கோவில்)

சோய்யா (cholla) என்று ஒரு கள்ளி உண்டு, தொட வேண்டாம், உரசினாலே ஒரு துண்டு கழன்று துணியிலும் தோலிலும் ஒட்டிக்கொள்ளும், பார்க்கிறவர்களுக்கு அது தாவிப் பிடித்தது மாதிரி இருக்கும். கையால் பிடுங்கப் போனால் கையிலும் குத்தும். ஒரு சீப்பை இடையில் செருகி வெளிப்பக்கமாக ஒரே சுண்டு சுண்டினால் வந்துவிடும். மிச்ச முள்ளுக்கு இடுக்கி. நாற்காலியின் பின்பை ஒன்றில் சீப்பும் இடுக்கியும் போட்டுக்கொள்ளுங்கள்.

டயருக்கு எதிரி வேறு. வண்டி நிறுத்துமிட ஓரங்களிலும் சாலை ஓரத்திலும் ‘ஆட்டுத்தலை’ என்று அவர்கள் சொல்கிற ஒரு முள், அமெரிக்கத் தென்மேற்கில் சைக்கிள்காரர்கள் சபிக்கிற முள், நம் நெருஞ்சியேதான், அச்சு அசலாக அதே செடி, அங்கே அது வந்தேறி. காற்றடைத்த டயராக இருந்தால் உள்ளே பஞ்சரடைக்கும் திரவம் ஊற்றி வையுங்கள், அல்லது திடரப்பர் சக்கரம் உள்ள நாற்காலியாகப் பாருங்கள். முன்னால் உள்ள சிறு சக்கரம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது.

“நுழைவுக் கட்டணத்தில் மாற்றுத்திறனாளிகளுக்குச் சலுகை உண்டா? நாயைக் கூட்டிப் போகலாமா? நாற்காலி அங்கே கிடைக்குமா?” (டெக்சாஸிலிருந்து)

நிரந்தர ஊனம் உள்ள அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் ஆயுளுக்கும் செல்லுகிற இலவச அனுமதி அட்டை உண்டு. சுற்றுலா விசாவில் வரும் உங்கள் பெற்றோருக்கு அது கிடையாது. நாயைக் கயிற்றில் கட்டி இந்தத் தளம் போட்ட பாதையில் அழைத்துப் போகலாம், மண் பாதைகளில் கூடாது. நாற்காலி வீட்டிலிருந்தே எடுத்துப் போவது நல்லது. மேற்குப் பகுதிக்குப் பக்கத்திலேயே அரிசோனா சோனோரா பாலைவன அருங்காட்சியகம் இருக்கிறது, 1952-ல் திறந்தது, பேருக்குத்தான் அருங்காட்சியகம், பெரும்பகுதி திறந்தவெளி, அங்கே சக்கர நாற்காலி கேட்டால் தருவார்கள்.

டெக்சாஸ் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன், நியூ மெக்ஸிகோவில் வெள்ளை மணல் தேசியப் பூங்கா உங்களுக்குக் கிட்டத்தில் வரலாம். அதுதான் நிஜமான மணல்மேடு, ஆனால் சிலிக்கா மணல் இல்லை, ஜிப்சம், சுண்ணாம்புக் கட்டியைத் தூளாக்கிக் கொட்டியது மாதிரி வெள்ளை. அங்கே மேடுகளுக்கு நடுவே போய்த் திரும்ப 0.4 மைல் வரும் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள், சக்கரம் புதையாது. பக்கத்தில் ஏவுகணைத் தளம் இருப்பதால் சில நாட்களில் சில மணி நேரம் மூடிவிடுவார்கள், கேட்டுவிட்டுப் போங்கள். இந்த மாதிரி பாதைகள் எப்போதும் இருக்கும் என்று எண்ணக்கூடாது. டெத் வேலி என்ற இன்னொரு பாலைவனத் தேசியப் பூங்காவில், சால்ட் கிரீக் ஓடையில் அருமையான பலகைப் பாதை இருந்தது, 2022 ஆகஸ்டில் வந்த ஒரே வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனது.

“இதெல்லாம் படித்தால் ஏக்கமாக இருக்கிறது. நம்மூரில் ஏன் இல்லை?” (சென்னையிலிருந்து இன்னொரு வாசகர்)

ஒன்று இருக்கிறதே. 2022 நவம்பரில் மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காகக் கடல் பக்கம் வரை மரப்பாதை போட்டார்கள். திறந்த அன்று, இத்தனை வருஷம் சென்னையிலேயே இருந்தும் முதல்முறையாக அலையைக் கிட்டத்தில் பார்த்தேன் என்று அழுதவர்களைத் தொலைக்காட்சியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமானது, பிறகு சரிசெய்தார்கள். மணலில் ஒரு பாதை போட முடியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டுச் செம்மணலில் அரை மைல் இப்படிப் போட்டால் என்ன என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. அமெரிக்காவில் இதெல்லாம் பூங்காக்காரர்களுக்குத் தானாகத் தோன்றி வந்ததில்லை, மத்திய அரசுக் கட்டடங்களுக்கான தடைநீக்கச் சட்டம் 1968-ல் வந்தது, வெளிப்புறப் பாதைகளுக்கான விதி 2013-ல்தான். நடுவில் நாற்பத்தைந்து வருஷம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நம்மிடமும் இருக்கிறது. ஒரு பூங்காவோ சரணாலயமோ போய்த் திரும்பினால், பாதையின் அகலம் என்ன, எங்கே படி தடுத்தது என்று அளந்து ஒரு பக்கம் எழுதி அந்த அலுவலகத்துக்கு அனுப்புங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், இந்தப் பக்கத்தில் போடுகிறேன்.

“சவாரோக் கள்ளியில் பழம் பழுக்குமா? பறித்துச் சாப்பிடலாமா?” (விருதுநகரிலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவி)

பழுக்கும் கண்ணு. மே மாதம் வாக்கில் உச்சியில் வெள்ளைப் பூ பூக்கும், இரவில் விரிந்து மறுநாள் மதியத்துக்குள் மூடிவிடும். அதற்குள் வௌவாலும் புறாவும் தேனீயும் வந்து மகரந்தம் சேர்க்க வேண்டும். ஜூனில் பழம், வெடித்தால் உள்ளே ரத்தச் சிவப்பு, கருப்பு விதைகள் ஆயிரக்கணக்கில். பூங்காவில் நாம் பறிக்கக் கூடாது, டோஹோனோ ஓ’ஓடாம் மக்களுக்கு மட்டும் அந்த உரிமை. செத்த சவாரோவின் விலாக்கழிகளையே கட்டி நீளமான தொரட்டி செய்து, அதனால் தட்டி எடுப்பார்கள். காய்ச்சிப் பாகு எடுத்து, அதைப் புளிக்கவைத்து, மழையை அழைக்கிற சடங்கில் குடிப்பார்கள். அவர்களுக்கு அந்த மழையோடுதான் புது வருஷம் பிறக்கும்.

நாங்கள் போனது ஜனவரி என்பதால் பழம் இல்லை. டூசானில் ஒரு கடையில் சப்பாத்திக்கள்ளிப் பழத்தில் செய்த மிட்டாய் வாங்கினோம், அந்தக் கள்ளியின் பூர்வீகமும் அமெரிக்கக் கண்டம்தான். அம்மா ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் தங்கை பிள்ளைகளைக் கூப்பிட்டு, சின்ன வயதில் ஆடு மேய்க்கப் போனபோது அந்தப் பழத்தைக் கல்லில் தேய்த்து முள் நீக்கி, இரண்டாகப் பிளந்து, நடுவில் நட்சத்திரம் மாதிரி இருக்கிற முள்ளை மறக்காமல் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டதையும், வீட்டுக்கு வந்ததும் சிவந்த நாக்கைப் பார்த்துப் பாட்டி அடிக்க வந்ததையும் சொன்னார்கள். உங்கள் ஊர்ப் பக்கம் இன்னும் அந்தப் பழம் கிடைக்கிறதா? கிடைத்தால் எழுது, அம்மா கேட்கச் சொன்னார்கள்.